தங்கவயல் குடியேற்றத்தின் வரவும் செலவும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கோலார் தங்கவயலைக் குறித்து வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். தங்கவயல் என்றவுடன் நம் இளைஞர் பலருக்கும் நினைவுக்கு வருவன சில செய்திகளே. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று அங்கிருந்தது என்பர். 1902ஆம் ஆண்டிலேயே அங்கு மின்சாரம் வந்துவிட்டது என்பர். பனிமூட்டமும் ஓட்டு மாளிகைகளும் கண்ட வெள்ளையர் அதனைச் 'சின்ன இங்கிலாந்து' என அழைத்தனர் என்றும் பெருமையோடு கூறுவர். இவையனைத்தும் உண்மையே. ஆயினும் அந்தக் கற்காட்டில் பல்லாயிரம் குடும்பங்கள் எவ்வாறு வந்து அமர்ந்தன, அவ்வாறு அமர்வதற்கான செலவை யார் ஏற்றார், அதன் ஆதாயம் எங்குச் சென்றது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. குடியேற்றம் என்பதும் ஒரு கணக்குத்தான். அதில் நம் முன்னோர் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தனர் என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மைசூர் நாட்டின் கிழக்கெல்லையில், மழை குறைந்த மேட்டு நிலத்தில் அமைந்தது தங்கவயல். அதன் அருகே, பேத்தமங்கலம் ஏரியை நிரப்பிச் செல்வது பாலாறு. அதே பாலாறுதான் கீழே இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக வடார்க்காட்டை நனைக்கிறது. நம் முன்னோருள் பெரும்பாலோர் அந்த ஆற்றுக்கு எதிர்த்திசையில், கீழிருந்து மேலாக வந்தவர்கள் எனலாம். ஆற்றில் நீர் ஓடிய ஆண்டுகளைக் காட்டிலும் மணல் கிடந்த ஆண்டுகளே மிகுதி. அவ்வாறு மணல் கிடந்த ஆண்டுகளில்தான் ஆட்கள் மிகுதியாக மேலேறினர்.

பொன் எடுக்கும் தொழிலை அங்கு வெள்ளையர்தாம் தொடங்கினர் என்று எண்ணுவது பிழையாகும். 1802ஆம் ஆண்டில் மைசூரின் கிழக்கெல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, உரிகம் பக்கத்தில் பொன் கிடைப்பதாகக் கேள்வியுற்று, பரிசளிப்பதாகக் கூறி ஊராரை அழைத்தார். அவர்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொணர்ந்து, அவர் கண்ணெதிரிலேயே கழுவிப் பொன்துகளைப் பிரித்துக் காட்டினர். மாரிக்குப்பத்தில் குழி தோண்டிக் கல்லெடுத்தோர் பறையர் குலத்தார் என்பதை அவருடைய குறிப்பிலிருந்து அறிகிறோம். ஆண்கள் குழியிலிருந்து கல்லைக் கூடையில் கைம்மாற்றி மேலேற்ற, பெண்டிர் அதனைப் பாறைமேல் வைத்து இடித்துப் பொடியாக்கிக் கழுவியிருக்கின்றனர். பின்னாளில் இலண்டன் குழுமங்கள் எந்திரத்தால் செய்தனவும் இவையே: உடைத்தல், பொடியாக்கல், கழுவுதல். தொழிலின் அடிப்படை அறிவு அம்மண்ணிலேயே இருந்தது. அங்கு இல்லாதிருந்தது மூலதனம் ஒன்றே.

அந்த மூலதனம் வந்த கதையைச் சுருங்கக் கூறுவோம். படையிலிருந்து ஓய்வு பெற்ற லாவெல் என்பார் 1873இல் விண்ணப்பித்து, 1875இல் சுரங்க உரிமை பெற்றார். அவரால் தொழிலை நடத்த இயலவில்லை. உரிமை கைமாறியது. 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் நிருவாகப் பொறுப்பேற்றனர். தொடக்கத்தில் போட்ட பணமெல்லாம் மண்ணில் புதைந்தது. கைவிடும் நிலை வந்தபோது, 1883-84இல் பிளம்மர் என்னும் சுரங்கத் தலைவர் மைசூர்ச் சுரங்கத்தில் பொன் நிறைந்த பாறைப் படுகையைக் கண்டறிந்தார். அதன் பின்னர் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் பெருகின. 1905ஆம் ஆண்டை ஒட்டி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6 லட்சம் அவுன்சுப் பொன் வெளிவந்தது. இந்தியாவில் அன்று கிடைத்த பொன்னில் ஏறக்குறைய முழுவதும் இதுவே.

இளைஞர்கள் ஈண்டு ஓர் ஆண்டுக் கணக்கைக் கவனித்தல் வேண்டும். டெய்லர் நிறுவனம் வந்தது 1880இல். தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நிகழ்ந்தது. மைசூரில் மட்டும் பத்து லட்சம் அளவுக்கு மக்கள் மாண்டதாகக் கணக்கிட்டுள்ளனர். வடார்க்காடும் சேலமும் அதே கொடுமையில் சிக்கின. நிலமுடையோன் பஞ்ச காலத்தில் நிலத்தை விற்றோ அடகு வைத்தோ உயிர் பிழைக்கலாம். நம்மவர்க்கு விற்க என்ன இருந்தது? ஆண்டானிடம் படியாளாகவும் பண்ணையாளாகவும் இருந்து, களத்தில் அளந்து போடும் தானியத்தைக் கூலியாகப் பெற்றவர்கள் அவர்கள். களம் காய்ந்தால் படி இல்லை. திருமணத்துக்கு வாங்கிய சிறு கடனுக்காகத் தந்தையும், தந்தைக்குப் பின் மகனும் அதே பண்ணையில் கட்டுண்டு கிடந்த காலம் அது. ஆகவே சுரங்கத்தார் ஆள் தேடியபோது, வெளியேறத் துடிக்கும் ஒரு மக்கள் கூட்டம் முன்பே ஆயத்தமாயிருந்தது. 1864இலேயே சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இருப்புப்பாதை போடப்பட்டிருந்தது. பௌரிங்பேட்டையில் இறங்கினால், அதுதான் இன்றைய பங்காரப்பேட்டை, சுரங்கம் ஒரு காலை நடைத் தொலைவு. 1894இல் அங்கிருந்து மாரிக்குப்பம் வரை கிளைப் பாதையும் வந்துவிட்டது. கூலியை மலிவாக வைக்க முதலாளிக்குப் பஞ்சமும் இருப்புப்பாதையும் உதவியதைப்போல் வேறெதுவும் உதவியிருக்க இயலாது என்பது எம் கருத்து.

முதலில் வந்தவர்கள் குடியேறவில்லை. வந்து போயினர். விதைப்புக்கும் அறுப்புக்கும் ஊர் திரும்புவதும், பொங்கல் முடிந்து மீண்டும் வருவதும் அன்றைய வழக்கம். சுரங்கத்தார்க்கு இது பெருந்தொல்லையாயிருந்தது. மேற்பரப்பில் மண் சுமப்பவன் இன்றொருவன் நாளையொருவனாக மாறினால் கேடில்லை. ஆயிரம் அடிக்குக் கீழே பாறையைத் துளையிட்டு, வெடி வைத்து, மரக்கட்டைகளால் முட்டுக் கொடுப்பவன் பழகியவனாக இருத்தல் வேண்டும். ஆழம் கூடக் கூடப் பழகிய ஆளின் தேவையும் கூடிற்று. இதற்கு அவர்கள் இரண்டு கருவிகளைக் கைக்கொண்டனர். ஒன்று மேஸ்திரியும் ஒப்பந்தக்காரரும். மற்றொன்று 'லைன்' எனப்பட்ட குடியிருப்பு வரிசை.

மேஸ்திரி தன் ஊருக்கும் சுற்றூர்களுக்கும் சென்று முன்பணம் கொடுத்து ஆள் திரட்டுவான். அந்த முன்பணம் ஊரில் ஆண்டானுக்குப் பட்ட கடனைத் தீர்க்க உதவியது. உண்மையில் தீர்ந்தது கடனன்று, கடன்காரன் மாறினான், அவ்வளவே. கூலியில் ஒரு பகுதி ஒப்பந்தக்காரர் வழியாகவே வந்தமையால், அவருக்குரிய பங்கு போகவே தொழிலாளி கைக்குப் பணம் கிட்டியது. ஆள் திரட்டும் செலவும், ஆளை வேலையில் நிறுத்தி வைக்கும் செலவும் சுரங்கத்தின் கணக்கேட்டில் பெரிதாகத் தோன்றாமல், தொழிலாளியின் கூலியிலிருந்தே கழிந்துபோகும் வகையில் அமைந்த ஏற்பாடு இது. மேஸ்திரிகளுள் நம் குலத்தாரும் பலர் இருந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அவர்களுள் சிலர் பின்னர்ப் பள்ளிக்கும் சங்கத்துக்கும் பொருளுதவி செய்த புரவலராகவும் விளங்கினர். வரலாறு அவ்வளவு நேர்க்கோடாக இருப்பதில்லை.

இனி லைன்களுக்கு வருவோம். 1891ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் தங்கவயலின் மக்கள்தொகை 7,085. பத்தே ஆண்டுகளில், 1901இல் அது 38,204. ஐந்து மடங்குக்கும் மேல் பெருகிய இம்மக்கள் எங்குத் தங்கினர்? மூங்கில் தட்டிகளை நான்கு புறமும் நிறுத்தி, மேலே கூரையிட்ட குடிசைகளில் தங்கினர். ஒற்றை அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே பிள்ளைப்பேறு. தட்டியின் இப்பக்கத்தில் பேசுவது அப்பக்கத்து வீட்டாருக்குத் தெளிவாகக் கேட்கும். ஒரு லைனில் தீப்பிடித்தால் வரிசை முழுவதும் சாம்பலாகும். மழைக்காலத்தில் தட்டிக்கு மண் பூசுவதும் கோடையில் சாணம் மெழுகுவதும் வீட்டுப் பெண்கள் பணி. எம் பாட்டியார் தம் இளமையில் மெழுகிய அந்த மண் சுவரைப் பற்றி, தாமே கட்டிய மாளிகையைப் போல் பேசக் கேட்டிருக்கிறோம்.

சுரங்கத்துக்குள் இறங்கும் எந்திரங்களுக்குக் குழுமத்தார் செய்த செலவையும், அந்த எந்திரங்களை இயக்கியவன் படுத்துறங்கச் செய்த செலவையும் அருகருகே வைத்து நோக்கினால், குடியேற்றத்தின் பொருளாதாரம் விளங்கும். எந்திரம் கெட்டால் புதியது இலண்டனிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஆள் கெட்டால் குடியாத்தத்திலிருந்து வந்துவிடுவான்.

ஒரு தொழிலாளியை உருவாக்குவதற்கும் ஒரு செலவு உண்டு என்பதை நம் இளைஞர்கள் சிந்தித்தல் வேண்டும். பிறந்தது முதல் பதினாறு பதினேழு வயது வரை அவனுக்குச் சோறிட்டு வளர்த்தவர் யார்? அவன் பிறந்த சேரியில் கூழும் கஞ்சியும் குடித்து, பண்ணையில் கூலி செய்த அவனுடைய தாயும் தந்தையும். வளர்ப்புச் செலவில் சுரங்கம் ஒரு காசும் ஏற்கவில்லை. பின்னர் இருபது முப்பது ஆண்டுகள் அவன் உழைக்கிறான். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து, சிலிகோசிஸ் என்னும் நோய் பற்றி, மூச்சிரைத்து, நாற்பதைத் தாண்டியதும் ஏணி ஏற முடியாதவனாகிறான். அப்போது அவன் எங்கே போகிறான்? மீண்டும் அதே சேரிக்கு. முதுமைக்கான ஊதியம் எதுவும் இல்லாத அக்காலத்தில் அவனைக் கிடத்தி, கஞ்சி ஊற்றி, அடக்கம் செய்ததும் அவ்வூர்தான். வளர்க்கும் செலவும் முதுமைச் செலவும் வடார்க்காட்டுச் சேரிகளின் தலையில், நடுவிலுள்ள உழைக்கும் ஆண்டுகள் மட்டும் இலண்டன் பங்குதாரரின் பெட்டியில் என்று அமைந்த இக்கணக்கே, தங்கவயல் பொன் மலிவாக வெளிவந்ததற்கு முதற்காரணம். இலண்டனுக்குச் சென்ற பங்காதாயத்தில் நம் சேரிகள் செலுத்திய மறைமுக வரியும் அடங்கியிருந்தது என்று நாம் கூறுவது மிகையன்று.

குடும்பத்தோடு குடியேறிய பின்னும் இந்நிலை முற்றாக மாறவில்லை. பெண்கள் மேற்பரப்பில் கல் பொறுக்கினர், மண் சுமந்தனர். அக்கூலி ஆண் கூலியினும் குறைவு. அத்துடன் ஊரிலிருந்து வரும் உறவினரான இளைஞர் இருவர் மூவரை வீட்டில் வைத்துச் சோறாக்கிப் போட்டு, அவர்கள் தரும் பணத்தில் குடும்பத்தை ஓட்டினர். ஒரு ஷிப்டில் ஒருவர் படுத்த பாயில் அடுத்த ஷிப்டில் மற்றொருவர் படுப்பார். சுரங்கம் கட்ட வேண்டிய விடுதியை நம் பெண்கள் தம் ஒற்றையறையில் நடத்தினர். இவ்வுழைப்பு எந்தச் சம்பளப் பதிவேட்டிலும் ஏறியதில்லை.

லைன் வீட்டுக்கு வாடகை சிறிதே. ஆனால் வீடு சுரங்கத்தாருடையது. வேலை உள்ளவரை வீடு, வேலை போனால் வீடும் போகும். சுரங்கத்தில் கணவன் மாண்டால், மகனோ தம்பியோ வேலையில் சேர்ந்தாலன்றிக் குடும்பம் தட்டியைக் காலி செய்ய வேண்டும். ஊரில் ஆண்டான் மனைக்கட்டைச் சுட்டிக் காட்டி மிரட்டியதும் இதுவே அல்லவா? சேரி மனை ஆண்டானுடையது, லைன் வீடு குழுமத்தினுடையது. நம் மக்கள் ஊர் மாறினும், நிற்கும் நிலம் தமதன்று என்னும் நிலை மட்டும் மாறவில்லை. மலிவான வாடகையை அன்றைய அறிக்கைகள் அறச்செயலாகப் பேசின. வீட்டைக் கையில் வைத்திருப்போன் வேலைநிறுத்தத்தையும் கையில் வைத்திருக்கிறான் என்பதை அவ்வறிக்கைகள் பேசவில்லை.

அரசின் பக்கத்தையும் காண்போம். மைசூர் அரசு பொன்னின் மதிப்பில் 5 விழுக்காடு ராயல்டியாகப் பெற்றது. கள், சாராயக் கடைகளின் குத்தகைப் பணமும் அதற்கே சென்றது. சுரங்கத்துக்காகவே சிவசமுத்திரம் அருவியில் மின் நிலையம் அமைத்து, 92 மைல் தொலைவுக்குக் கம்பி இழுத்து, 1902இல் மின்சாரம் வழங்கியது. பெங்களூர் நகருக்கு 1905இல்தான் மின்விளக்கு வந்தது. தங்கவயல் பெங்களூரை முந்திவிட்டது என்று இதைப் பேசி மகிழ்வோர் உண்டு. நாமும் மகிழலாம், ஒன்றை மறவாமல் மகிழ வேண்டும். அம்மின்சாரம் முதலில் ஒளியூட்டியது எந்திரங்களுக்கும் அதிகாரிகளின் பங்களாக்களுக்கும். லைன்களில் பல்லாண்டுகள் சிம்னி விளக்கே எரிந்தது. பேத்தமங்கலத்திலிருந்து குழாய்வழி வந்த நீரும் இவ்வாறே. பொடித்த பாறையைக் கழுவ நீர் தடையின்றிக் கிடைத்தது. லைன் பெண்கள் பொதுக்குழாயில் குடம் வைத்து வரிசையில் நின்றனர்.

குடியிருப்பின் அமைப்பே இக்கணக்கைப் படம் பிடித்துக் காட்டும். காற்றோட்டமான மேட்டில் கார்ன்வால் நாட்டுச் சுரங்கத் தலைவர்களும் பிற வெள்ளையரும். அவர்க்குக் கிளப், கோல்ஃப் திடல், தேவாலயம். அடுத்த நிலையில் ஆங்கிலோ இந்தியரும் இத்தாலியரும். காவற்பணிக்குப் பஞ்சாபியர். பாறைக் கழிவும் பின்னர்ச் சயனைடு மண்ணும் குவிந்த பக்கத்தில் நம் லைன்கள். ஆடிக் காற்றில் அந்த மேட்டிலிருந்து எழும் வெண்தூள் யார் சோற்றுப் பானையில் விழும் என்பது முன்பே முடிவாயிற்று. கடைவீதிக்கென, பிரிட்டிஷ் ரெசிடெண்டாயிருந்த டொனால்ட் ராபர்ட்சன் பெயரால் ராபர்ட்சன்பேட்டை நேர்த்தெருக்களோடு அமைந்தது. ஆண்டர்சன்பேட்டையும் வளர்ந்தது. வணிகர் வந்தனர். சம்பளப் பட்டுவாடா நாளில் சுரங்க வாயிலிலிருந்து கடைவீதி வரை ஒரே திருவிழாவாக இருக்குமாம். முன் மாதம் கடனாக வாங்கிய அரிசிக்கும் துணிக்கும் கொடுத்து, வட்டிக்காரனுக்குக் கொடுத்து, வழியிலுள்ள சாராயக்கடையைத் தாண்டி வீடு வந்து சேர்வது எவ்வளவோ, அதுவே குடும்ப வருமானம். நம்மவர் குடித்துக் கெட்டனர் என்று எளிதாகச் சொல்லிவிடுவோர், எரியும் வெப்பத்தில் எட்டு மணி நேரம் பாறை குடைந்தவனை வரவேற்க அரசே கடை திறந்து வைத்திருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மற்றொரு செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, கணக்குக் காட்டாத பொன்னோ பொன்தாதுவோ ஒருவனிடம் இருந்தாலே குற்றம் எனச் சட்டம் வந்தது. அதனால் சுரங்கத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொருவனும் உடற்சோதனைக்கு ஆளானான். கள்ளப்பொன் வணிகம் நடந்தது மெய்தான். அதில் கொழுத்தோர் யார் என்பது வேறு கதை. ஆனால் ஒருவர் பையிலுள்ள பொன்துணுக்கைத் தேடி ஆயிரவர் ஆடை களையப்பட்டனர்.

இவ்வளவு இழிவும் இழப்பும் இருந்தும் நம் மக்கள் ஏன் திரும்பிப் போகவில்லை என்று கேட்கலாம். இக்கேள்விக்கு நேர்மையான விடை கூறாவிடில் நம் கட்டுரை ஒருதலைப்பட்சமாகும். அவர்களுக்குக் கூலி காசாகக் கிடைத்தது. தானியப் படியை ஆண்டான் அளக்கும்போது குனிந்து முந்தானையில் ஏந்த வேண்டும். காசை நிமிர்ந்து நின்று கையில் வாங்கலாம். லைன் தெருவில் செருப்பணிந்து நடந்தால் கேட்பாரில்லை. சட்டையணிந்தால், குடை பிடித்தால் அடிப்பாரில்லை. விடுப்பில் ஊர் செல்லும் சுரங்கத் தொழிலாளி தலைப்பாகையும் கோட்டுமாக இரயிலிலிருந்து இறங்கியதைக் கண்டு ஊர்த்தெருவார் எரிச்சலுற்ற கதைகளை நம் முதியோர் இன்றும் சுவைபடக் கூறுவர். மிச்சம் பிடித்த காசில் ஊரில் ஒரு காணி, அரைக் காணி வாங்கியோரும் உண்டு. ஆண்டானின் நிலமே விலைக்கு வந்ததும் உண்டு. சுரங்க மருத்துவமனையும் நற்பெயர் பெற்றிருந்தது. சேரியில் மருத்துவரையே கண்டிராத பெண்கள் அங்குப் பிள்ளை பெற்று உயிரோடு திரும்பினர். அதனை மறுத்தல் நன்றியன்று. சாதி அங்கு அழிந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. சாதி கூலிப் பணத்தை அளந்து தரவில்லை என்று மட்டும் கூறுகிறோம். அந்தச் சிறு இடைவெளியில் எத்துணை வளர்ந்தது என்பதே வியப்பு.

வளர்ந்தவற்றுள் தலையாயது கல்வி. அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே மாரிக்குப்பத்தில் கிளை தோன்றிவிட்டது. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழைத் தாங்கிப் பிடித்தவருள் தங்கவயல் தொழிலாளர் முன்னணியில் நின்றனர். அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1926இல் அவ்விதழ் ஜி. அப்பாதுரையார் முயற்சியால் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மீண்டும் அச்சிட்டுப் பரப்பியது. இரவு ஷிப்ட் முடித்தவன் பகலில் உறங்காமல் எழுத்துக் கற்றான். பகல் ஷிப்ட் முடித்தவன் இரவில் விளக்கடியில் அமர்ந்தான். இப்பள்ளிகளுக்கும் அச்சகத்துக்கும் ஆன செலவு எங்கிருந்து வந்தது? வட்டிக்காரனுக்கும் கடைக்காரனுக்கும் போக எஞ்சிய அந்தச் சொற்பக் கூலியிலிருந்து. தங்கவயல் குடியேற்றத்தில் நம் மக்கள் தமக்கென இட்ட மூலதனம் இது ஒன்றே. இன்றுவரை ஈவு தருவதும் இது ஒன்றே.

படித்த கண்கள் கணக்கையும் படிக்கத் தொடங்கின. 1930இல் தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிந்து பதிவேடு வைக்கும் திட்டத்தைச் சுரங்கத்தார் கொணர்ந்தனர். ஒருமுறை நீக்கப்பட்டவன் பெயர் மாற்றி வேறு சுரங்கத்தில் சேர்வதைத் தடுப்பது அதன் நோக்கம். கைரேகை எடுப்பது குற்றவாளிகளுக்குச் செய்வது என்று தொழிலாளர் கொதித்தெழுந்தனர். சங்கமென ஒன்று முறையாக இல்லாத நிலையிலும் பல்லாயிரவர் மூன்று வாரம் வேலைக்கு இறங்கவில்லை. இது மானத்துக்காக நடந்த போராட்டம் என்பர். மானமும் உண்டு, பொருளாதாரமும் உண்டு. வீடும் குழுமத்தினுடையது, நிலமும் குழுமத்தினுடையது என்றிருந்த ஊரில், ஒரு சுரங்கத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லும் உரிமை ஒன்றுதான் தொழிலாளியின் கையிலிருந்த சொத்து. அதனைப் பறிக்க வந்தபோதுதான் எழுந்தனர். 1940க்குப் பின் தொழிற்சங்கங்கள் வேரூன்றின. 1946 நவம்பர் 4இல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர். அந்நாளை நினைவு நாளாகக் கொள்ளும் வழக்கம் அதன் பின்னர்த் தோன்றியது.

பிற்காலக் கதையை விரிக்க வேண்டுவதில்லை. 1956இல் சுரங்கங்கள் மைசூர் மாநில அரசுடைமையாயின. 1962இல் மைய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. சம்பளம், சேமநிதி, பணிக்கொடை என உரிமைகள் பல கிட்டின. ஆயினும் பொன்னை உள்நாட்டுச் சந்தை விலையினும் குறைந்த விலைக்கே அரசு நெடுங்காலம் எடுத்துக்கொண்டதால், ஏட்டில் நட்டம் ஏறியது. சாம்பியன் ரீஃபின் ஆழம் பத்தாயிரம் அடியைக் கடந்தது. அங்குக் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் செலவு, பாறை வெடிப்பால் நேர்ந்த இழப்பு, தாதுவில் குறைந்துவந்த பொன் என யாவும் ஒன்றுகூடின. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன்னைக் கொடுத்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. நம் சங்கம் தோன்றிய நாள்கள் அதனை ஒட்டியவை என்பதை மூத்த உறுப்பினர் அறிவர். வேலையிழந்த தந்தையரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவே அன்று நம்மவர் உண்டியல் குலுக்கினர்.

மூடிய நாளிலிருந்து பழைய கேள்வி புதிய உருவில் வந்து நின்றது. பாட்டன் தட்டி கட்டி, தந்தை ஓடு வேய்ந்து, மகன் சிமெண்டு பூசிய லைன் வீடு யாருடையது? வேலை உள்ளவரை வீடு என்பதுதானே விதி. வேலை போயிற்று. மூன்று நான்கு தலைமுறையாக அவ்வறையில் பிறந்தும் இறந்தும் வாழ்ந்தவர்கள், அவ்வீட்டுக்குப் பட்டா கேட்டு மனு எழுதத் தொடங்கினர். 1880களில் மூங்கில் தட்டியோடு எழுதப்பட்ட கணக்கு, நூறாண்டு கடந்து நீதிமன்றத்துக்கும் தில்லிக்குமாக அலைந்தது. மனு எழுதியவர்கள் வெளியாரல்லர். இரவுப் பள்ளியில் எழுத்தறிந்தவரின் பேரப்பிள்ளைகள்.

வயிற்றுப்பாடு மனுவின் விடைக்காகக் காத்திருக்கவில்லை. சுரங்கம் மூடியதும் மக்கள் மீண்டும் இருப்புப்பாதையை நாடினர். பாட்டன்மார் எந்தப் பாதையில் மாரிக்குப்பம் வந்திறங்கினரோ, அதே பாதையில் அதிகாலை இருளில் ஏறிப் பெங்களூர் சென்று, தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் அலுவலகங்களிலும் உழைத்து, இரவில் லைனுக்குத் திரும்புகின்றனர். பெங்களூரில் வீட்டு வாடகை தர இயலாது, லைனில் வேலை கிடைக்காது. ஆகவே ஒரு நாளில் நான்கைந்து மணி நேரம் இரயிலில் கழிகிறது. அந்த நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. அந்த இரயிலில் நின்றுகொண்டே பாடம் படித்துத் தேர்வெழுதித் தேறிய நம் பிள்ளைகள் சிலரின் பெயர்கள் இம்மலரின் பின்பகுதியில், சங்கத்தின் உதவித்தொகை பெற்றோர் பட்டியலில் உள்ளன.